மாட வீதியில் மஞ்சள் கரு

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜவஹர் துப்பறியும் நிலையத்தில், ஒரே நாற்காலியில், இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவள் மகனைக் காணோம் என்றாள். பின்னால் வந்தவர் ஒரு நாட்டின் கேப்டனைக் காணோம் என்றார்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே குடத்திலும் தூக்கிலும் பேர் வெட்டுகிற சத்தம் ஓயாது. அங்கே ரகசியம் சொல்ல வருகிறவர்கள் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். டெலிபோன் எடுப்பது, டீ சொல்வது, வீட்டுக்காரர் வந்தால் சார் வெளியூர் போயிருப்பதாகச் சொல்வது, துப்புத் துலக்குவது எல்லாம் உதவியாளர் குல்சும்தான். துலங்காமல் போனால் அது மட்டும் ஜவஹரின் பொறுப்பு. இதுவரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்து வந்தது.

முதலில் வந்த கன்னியம்மாவை அழைத்து வந்ததே குல்சும்தான். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறிக் கடை. குல்சும் வீட்டுக் குழம்பில் கிடக்கிற முருங்கைக்காய் முழுக்க அவள் கடையுடையது.

"அக்கா, அழுவாம சொல்லு. சாரு கேக்கறாரு பாரு."

"இன்னாத்த சொல்றது குல்சு? கேம்ப்புன்னுட்டுப் போனான் சார், எம்புள்ள தனசேகரு. 'பெரிய எடத்து கேம்ப்பும்மா, யாராண்டயும் சொல்லாத, முடிஞ்சா வேலை வாங்கித் தராங்கோ'ன்னான். ஆனா தெனம் சாயங்காலம் தலையும் மூஞ்சியும் தெரியாம துண்ட சுத்திக்கினு கடையாண்ட வந்து ரெண்டு தக்காளி எத்துக்கினுத்தான் போவான். புதன்கெழமைலேருந்து வர்ல."

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்றார் ஜவஹர்.

"வயசுப் பையன், எவளையாவது இட்டுக்கினு போயிருப்பான்றாங்கோ. எம்புள்ள பந்த வுட்டா வேற எத்தையும் இட்டுக்கினு போவமாட்டான் நைனா."

ஜவஹருக்கு நைனா என்று கூப்பிடுகிற வயது ஆகவில்லை. இருந்தாலும் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அடையாளம் ஏதாவது?" என்றார்.

கன்னியம்மா முந்தானையில் முடிந்திருந்த போட்டோவை எடுத்தாள். நீள முடி, அரும்பு மீசை, கையில் ஒரு பித்தளைக் கோப்பை. "வலிச்சா வாயைத் தொறக்கமாட்டான் சார். சட்டைக் காலரைப் பல்லுல கடிச்சுக்குவான். அவங்கப்பன் செத்தன்னிக்கும் கடிச்சுக்கினுதான் நின்னான். முழுசா ஒரு காலரு கெடயாது அவங்கிட்ட." சொல்லிவிட்டு அவள் தன் முந்தானையையே வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் இறங்கிப் போன படியில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் ஏறி வந்தார். நெற்றியில் திருமண், தலையில் நீலநிற பிரெஞ்சுத் தொப்பி, இடுப்பில் பேஜர். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். 'ஸ்ரீனிவாசராகவன், தலைவர், இந்தோ-பிரெஞ்சு இளைஞர் நல்லெண்ண மன்றம், மயிலாப்பூர்' என்று பொன் எழுத்து. அதற்குக் கீழே சின்னதாக, 'செவாலியே (எதிர்பார்ப்பில்)'.

"போன்ழூர்" என்றார்.

"வணக்கம் சார். நாற்காலி ஆடும், சுவத்துப் பக்கமா சாஞ்சுக்குங்க" என்றாள் குல்சும்.

அவர் சாய்ந்துகொண்டு சொன்னார். பிரெஞ்சு பேசும் நாடுகளின் இளைஞர் கால்பந்துப் போட்டி நந்தனம் மைதானத்தில் அவர் தலைமையில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் பிரான்ஸில் உலகக் கோப்பை. அதற்கு மயிலாப்பூர் தன் கையால் போடும் பிள்ளையார் சுழி இது. எட்டு நாடுகள். அதில் மோன்தெரேசு என்ற தீவு யாரும் எதிர்பாராமல் எல்லோரையும் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. புதன்கிழமை அரையிறுதி முடிந்த கையோடு அதன் கேப்டன் ழான் பத்தீஸ்த் மறைந்துவிட்டான்.

"மோன்தெரேசு எங்க சார் இருக்கு?" என்றார் ஜவஹர்.

"இந்து மகா சமுத்திரத்துல. மடகாஸ்கருக்குக் கொஞ்சம் இந்தண்டை."

"மேப்புல காட்ட முடியுமா?"

"சின்னத் தீவு. மேப்பு அச்சடிக்கறவாளுக்குப் புள்ளி வைக்க இடம் போறலை." ஸ்ரீனிவாசராகவன் கைக்குட்டையால் தொப்பியின் விளிம்பைத் துடைத்தார். "நாளைக்கு ஃபைனல். பிரெஞ்சு கான்சல் வரார். கேப்டன் எங்கேன்னு கேப்பார். தனியார் துப்பறிவாளரை அமர்த்தியிருக்கேன்னு நான் பதில் சொல்லியாகணும்."

"எங்களைப் பத்தி யார் சொன்னா?"

"நாலு இடத்துல விசாரிச்சேன். உங்க ரெக்கார்டைத் தெரிஞ்சுண்டுதான் வந்திருக்கேன்."

ஜவஹர் காலரைச் சரிசெய்துகொண்டார். குல்சும் சுவரைப் பார்த்தாள். அடையாறு பங்களாவில் தொலைந்த பொமரேனியன் இன்னும் தொலைந்தே இருந்தது. தங்கமான மாப்பிள்ளை என்று ஜவஹர் சான்று கொடுத்தவருக்குத் திண்டிவனத்தில் ஒரு குடும்பம் இருந்தது. கோடம்பாக்கத்தில் நகைத் திருட்டுக்கு அவர் சந்தேகப்பட்ட சமையல்காரர்தான் திருடனைப் பிடித்துக் கொடுத்தார். இந்த ரெக்கார்டை நம்பி ஒரு மனிதர் மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கிறார் என்றால் சென்னையில் நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை.

அவர் போனபிறகு மேஜைமேல் இரண்டு போட்டோக்கள் கிடந்தன. அவர் கொடுத்த போட்டோவில் ஒரு வெளிநாட்டு இளைஞன் புல்தரையில் விழுந்து கிடந்தான். தாமிர நிறத்துக்குச் சாயம் ஏற்றி ஒட்ட வெட்டிய முடி. மழித்த மேலுதடு. குல்சும் அதை ஓரமாக ஒதுக்கப் போனாள். போன கை நின்றது.

அவன் பல் இடுக்கில் ஜெர்ஸியின் காலர் இருந்தது.

கட்டைவிரலால் அவன் முடியை மறைத்துப் பார்த்தாள். கன்னியம்மா கொடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே மூக்கு, காதோரம் அதே வெட்டுத் தழும்பு.

"சார், மோன்தெரேசு மடகாஸ்கராண்ட இல்ல. சைதாப்பேட்டைலதான் கீது."

ஜவஹர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். "அப்ப இந்த ஆளுதான் அவனுக்குச் சாயம் பூசி விட்டிருக்கான். சரி, ஒளிச்சு வெச்சவனே தேடச் சொல்லி நம்மகிட்ட வருவானா?"

"வரமாட்டான்."

"வந்திருக்கானே. அப்ப அவனுக்கும் தெரியலை. பையன் நெஜமாவே காணோம்."

குல்சும் இரண்டு போட்டோக்களையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒரு பையனை அம்மா தேடுகிறாள், ஏமாற்றியவனும் தேடுகிறான் என்றால், அவன் யார் கையில் இருக்கிறான்?

*

நந்தனம் மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரர் தேசிய கீதங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். மோன்தெரேசின் கீதம் முழங்கியபோது, மாட வீதியிலிருந்து கிளம்பி வந்திருந்த பெரியவர் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். "பேஷ், சுத்த ஆபேரி! நம்ம சங்கீதம் எங்கெல்லாம் போயிருக்கு பாருங்கோ." அது எங்கும் போகவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு கீபோர்டுக்காரர் ஒரு மத்தியான வேளையில் போட்டுக் கொடுத்தது.

மோன்தெரேசு வீரர்கள் ஒரே தாமிரத் தலையோடு, சாமியார் மடம்போல வாய் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் டிரம் பக்கம் தனியாக ஒதுங்கிய ஒருவனைக் குல்சும் பிடித்தாள். அவன் தோளைக் குலுக்கி, கையை விரித்து, தெரியாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான். நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

"நீ பேசவேணாம்பா. நான் கேக்கறேன், நீ தலைய ஆட்டு. மோன்தெரேசு மாதிரி ஆட்டாத, சைதாப்பேட்டை மாதிரி ஆட்டு. தனசேகரோட அம்மா ரெண்டு நாளா சோறு துன்னல. அவன் எங்க?"

பையனுக்குக் கண் கலங்கியது. சுற்றிலும் பார்த்துவிட்டு, தம்ளருக்குள் வாயை வைத்துக்கொண்டு பேசினான்.

"புதன்கெழம மேட்ச்சுல கால் மடங்கிச்சுக்கா. எலும்பு ஒடிஞ்ச சத்தம் எங்க எல்லார்க்கும் கேட்டுச்சு. அவன் கத்தல. கத்தினா தமிழ்லதான் கத்துவீங்க, ஒருத்தன் கத்தினாலும் எல்லார்க்கும் வேல போச்சுன்னு தொப்பி சாரு சொல்லி வெச்சிருக்காரு. காலரைக் கடிச்சுக்கினு படுத்துக்கினான். அந்த வெள்ளக்கார அம்மாலாம் எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு."

"யாரு தூக்கினு போனது?"

"தொப்பி சாரு கார்லதான். ஆஸ்பத்திரிக்குன்னாரு. எந்த ஆஸ்பத்திரி சார்னு கேட்டா, பிராக்டிஸைப் பாருடான்றாரு." தம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓடியவன் திரும்பினான். "அவன் இல்லாம நாங்க கெலிக்க மாட்டோம்க்கா. கெலிக்கவும் வேணாம். நல்லா இருந்தாப் போதும்."

எதிர்ப்புற எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஜவஹர் தெரிந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டார். தாமிரத் தலை எங்கும் சேர்க்கப்படவில்லை. வெளியே வந்தவர் முகத்தில் வியர்வை.

"எப்படிச் சேர்ப்பான்? வெளிநாட்டுக்காரன்னு சேர்த்தா பாஸ்போர்ட்டு கேப்பாங்க. உள்ளூர்க்காரன்னு சேர்த்தா நாடே போயிடும்."

"அப்ப ஒடிஞ்ச காலோட எங்க சார் வெச்சிருப்பான்?"

ஜவஹர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

*

ஸ்ரீனிவாசராகவனின் வீடு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. வாசல் கேட்டில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. அதன் கீழே தமிழில் 'நாய் இல்லை' என்றும் எழுதியிருந்தது. நாய் இல்லாத தைரியத்தில் பூனைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் கல்யாணச் சாப்பாடு முடிந்தவர்போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி கனகவல்லி. "அவர் ஆத்துல இல்லையே. கான்சலுக்கு மாலை சொல்லணும்னு போயிருக்கார்."

ஜவஹர் கார்டைக் கொடுத்தார். துப்பறியும் நிலையம் என்பதைப் படித்ததும் அந்த அம்மாளின் முகம் மாறியது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சத்தம் போடாம உள்ள வாங்கோ. என் தம்பி அனுப்பினானா? அவன்கிட்டதான் சொல்லி அழுதேன்" என்றார்.

ஒரே நாளில் மூன்றாவது கட்சிக்காரர். ஜவஹருக்கு இப்படிப்பட்ட நாள் வாய்த்ததே இல்லை.

"சொல்லுங்க மாமி."

மாமி அவர்களைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், குப்பைத் தொட்டியின் மூடியைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே முட்டை ஓடு. ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்.

"வெங்காயம் நறுக்கினாலே இந்த ஆத்துல ஜன்னலைச் சாத்துவோம். நேத்திக்கும் போட்டிருக்கு, முந்தாநாளும் போட்டிருக்கு. அந்தச் சிமெண்டுத் தொட்டியைப் பாருங்கோ, மஞ்சக் கருவைக் கொட்டியிருக்கு. ஊர்ப் பூனையெல்லாம் வந்து நக்கிண்டு நிக்கறது." குப்பைத் தொட்டியின் மூடியைச் சாத்தினார். "பேரன் பேத்தி எடுத்தப்புறம் எங்காத்துக்காரர் முட்டை சாப்பிட ஆரம்பிச்சுட்டார்."

குல்சும் சிமெண்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். மஞ்சள் கரு முழுசு முழுசாக, உடையாமல்கூடக் கிடந்தது. அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இதைப் பார்த்தால் அடிதான் விழும்.

"சார்! வெள்ளைக் கருவ மட்டும் எடுத்துக்கினு மஞ்சள வீசிருக்காங்க. எங்க பேட்டை ஜிம்முல பசங்க இப்டித்தான் துன்னுவாங்க. சேகரு இங்கதான் கீறான். ஃபைனலுக்காக ஒளிச்சு வெச்சு சத்து ஏத்தறாரு!" அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். "கன்னியம்மா அக்காவுக்குப் போன் போட்டு ரெண்டு தக்காளி ரெடி பண்ணச் சொல்லட்டா?"

ஜவஹர் சிரிக்கவில்லை. வெராண்டாவில் தொங்கிய மூங்கில் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"தட்டி எப்படி மாமி இப்படி ஆச்சு?"

"அதையேன் கேக்கறேள். யாரோ பத்தையை உருவிண்டு போயிருக்கா. அப்பளத்துக்குன்னு அரைச்சு வெச்ச உளுந்து மாவும் டப்பாவோட காணோம்."

"முட்டை, உளுந்து மாவு, மூங்கிலு..." குல்சும் விரல் விட்டாள். "மாமி, மூங்கில்ல வெச்சு முட்டைப் புட்டு எதனா அவிக்கறாரா?"

"பெருமாளே!" மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

"பழைய வேஷ்டி ஏதாவது காணோமா?" என்றார் ஜவஹர்.

மாமி காதிலிருந்து கையை எடுத்தார். "கொடியில உலர்த்தியிருந்தேன். எட்டு முழம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முட்டை யார் வாய்க்குள்ளயும் போகலை மாமி. வேஷ்டியைக் கிழிச்சு, வெள்ளைக் கருவையும் உளுந்து மாவையும் குழைச்சு அதுல தடவி, சுத்தி மூங்கில் பத்தையை வெச்சு இறுக்கிக் கட்டுவாங்க. காஞ்சா கட்டை மாதிரி ஆயிடும். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியக் கட்டு அது."

குல்சுமின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தனக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போனதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒடிந்த காலோடு எவன் சத்து ஏற்றிக்கொண்டு ஓடுவான்?

"அப்போ அவர் சாப்பிடலையா?" மாமியின் முகத்தில் ஒரு கணம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. மறுகணம் அது அணைந்தது. "யாருக்குக் கட்டு? யார் காலு?"

"இங்க பூட்டின ரூம் ஏதாவது இருக்கா மாமி?"

"கார் ஷெட்டுக்கு மேல ஒண்ணு இருக்கு. கொடி, தோரணம், பந்து எல்லாம் போட்டு வெச்சிருக்கார். அந்த மோன்தெரேசுக் கொடிகூட என் மாம்பழக் கலர் புடவையிலதான் தச்சேன். சாவி அவர்கிட்டன்னா இருக்கு." சொல்லிக்கொண்டே மாமி உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் மாவு இடிக்கிற இரும்பு உலக்கை இருந்தது.

*

பூட்டு இரண்டாவது இடியில் விழுந்தது. இடித்தது மாமிதான்.

பழைய பேனர்களின் குவியல்மேல் தனசேகர் கிடந்தான். காய்ச்சலில் முகம் பளபளத்தது. பக்கத்தில் டிபன் கேரியரில் தயிர்சாதம் தொடாமல் காய்ந்து கிடந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கட்டு மரம்போல் இறுகியிருந்தது. அதற்குக் கீழே பாதம் தெரிந்தது. குல்சும் மண்டியிட்டு அதைப் பார்த்தாள். விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"சேகரு, நான்தாண்டா. குல்சு அக்கா. அம்மா தேடினு கீது."

அவன் கண் திறந்தது. அவளைத் தெரிந்தது என்பது கண்ணில் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற ஜவஹரையும் மாமியையும் பார்த்தான். ஜெர்ஸியின் காலரை இழுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினான். பேசமாட்டேன் என்று அர்த்தம். தன் ஒரு வார்த்தையில் மற்ற பையன்களின் வேலை போய்விடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

ஜவஹர் பையனின் கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். கால் நகரவில்லை. "கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திடுச்சு. இப்பவே எடுக்கணும்."

கீழே கார் வந்து நின்றது. படியில் காலடி. கையில் ரோஜா மாலையோடு ஸ்ரீனிவாசராகவன் வாசலில் தோன்றினார். உடைந்த பூட்டைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த உலக்கையைப் பார்த்தார். கடைசியில் ஜவஹரைப் பார்த்து, உலகத்திலேயே பெரிய துரோகத்துக்கு ஆளானவர்போல் கத்தினார்.

"உம்மை யாருய்யா கண்டுபிடிக்கச் சொன்னா?"

"நீங்கதானே சார் அமர்த்தினீங்க."

"கண்டுபிடிக்க அமர்த்தலை! எடுத்த கேஸ் எதுலயும் ஜெயிச்சதில்லை, மெட்ராஸ்லேயே இப்படி ஒரு ஆள் கிடையாதுன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னா. அதை நம்பித்தான் வந்தேன்!"

காலையில் சரிசெய்துகொண்ட காலரை ஜவஹரின் கை தானாகத் தடவியது. குல்சும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். மற்ற நேரமாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாள்.

"ஏன்னா, எதுக்கு இதெல்லாம்?" என்றார் மாமி.

ஸ்ரீனிவாசராகவனின் குரல் இறங்கியது. "எட்டு நாடுன்னு பத்திரிகை அச்சடிச்சாச்சு. பொன் எழுத்து. கவர்னர் மாளிகை வரைக்கும் குடுத்தாச்சு. ஏழு நாட்டுக்காராதான் வந்தா. பத்திரிகையைத் திருப்பி வாங்க முடியுமா சொல்லு?"

அதாவது, அழைப்பிதழை மாற்றுவதைவிட உலகத்தில் ஒரு நாட்டைக் கூட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"கட்டினது யாரு?" என்றார் ஜவஹர்.

"கோடம்பாக்கத்துல சண்டை நடிகர்களுக்கெல்லாம் பண்றவர்."

"எலும்பு கட்டறவரா?"

"எண்ணெய் தேய்க்கறவர்." தொப்பியைக் கழற்றினார். "வீங்கறதுன்னு நேத்திக்கு மறுபடி வந்து இன்னும் இறுக்கிக் கட்டினார். நாளை சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்கோ. கான்சல் மாலையை வாங்கிண்டு கிளம்பினதும் நானே ஆஸ்பத்திரில..."

"நாளை சாயங்காலத்துக்குக் கால் இருக்காது சார்."

மாமி உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கணவரின் சட்டைப் பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்து ஜவஹரிடம் கொடுத்தார். பிறகு மூலையில் கம்பத்தோடு நின்ற மோன்தெரேசின் தேசியக் கொடியை உருவி, தரையில் விரித்தார். "கெட்டித் துணிதான். நாலு பேரும் நாலு மூலையைப் பிடிச்சா தாங்கும். ஏன்னா, நீங்க தலைமாட்டுப் பக்கம் பிடியுங்கோ."

செவாலியே (எதிர்பார்ப்பில்) தலைமாட்டுப் பக்கம் பிடித்தார்.

*

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் பெரிய கத்தரிக்கோலால் கட்டை வெட்டினார். கட்டு விறகுபோல் பிளந்தது. உள்ளே பார்த்த டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார்.

பாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்புகிறதா இல்லையா என்று குல்சுமுக்குத் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துக் கண்ணில் எல்லாமே நாவல்பழமாகத் தெரிந்தது.

டாக்டர் ஊசியை எடுத்து உள்ளங்காலில் குத்தினார். பையன் அசையவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். காலரைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாப்பா? வலிச்சா கத்து. கத்தினாத்தான் எனக்குத் தெரியும். உணர்ச்சி இருந்தா காலைக் காப்பாத்தலாம். இல்லேன்னா..." டாக்டர் ஜவஹரைப் பார்த்து மீதியை முடிக்காமல் விட்டார்.

"சேகரு, கத்துடா" என்றாள் குல்சும். "யாரும் இல்ல இங்க. தொப்பி சாரு வெளிய கீறாரு. கத்துடா பாவி."

அவன் கத்தவில்லை. வலிக்கவில்லையா, அல்லது பழக்கமா? அந்த முகத்திலிருந்து துப்பறிய முடியாது. ஜவஹர் தன்னால் முடியாததெல்லாம் நினைவுக்கு வந்தவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராண்டாவில் யாரோ ஓடி வரும் சத்தம். மார்க்கெட் பூத்துக்குக் குல்சும் சொல்லியனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கன்னியம்மா நர்ஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மடியில் தக்காளி கனத்தது. மகனின் தாமிரத் தலையைப் பார்த்தாள், மீசையில்லாத உதட்டைப் பார்த்தாள். அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நேராகப் போய் அவன் வாயிலிருந்த காலரைப் பிடித்தாள்.

"வுட்றா அத்த. அம்மா வந்துட்டேன்ல, வுட்றா."

அவன் பல்லைத் திறந்தான். கன்னியம்மா காலரை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள். டாக்டர் மறுபடியும் ஊசியை வைத்தார்.

"அம்மா!"

அந்தச் சத்தம் வார்டைத் தாண்டி வராண்டாவுக்குப் போயிற்று. அங்கே பெஞ்சில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீனிவாசராகவன் திடுக்கிட்டு எழுந்தார். அட்டெண்டர் திரும்பினார். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை பேருக்கும் அது எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரிந்துபோயிற்று. மடகாஸ்கருக்கு இந்தண்டை இருந்த ஒரு தீவு தன் கொடியோடும் கீதத்தோடும் அந்த நிமிஷம் கடலில் மூழ்கியது.

டாக்டர் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார். குல்சும் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கன்னியம்மா மகனின் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணீர் அந்தத் தாமிர முடியில் வழிந்தது.

"கத்துடா என் ராசா. இன்னும் நல்லா கத்து."